ஜி.ஹெச். மெடிசின் வார்டைச் சீர்படுத்துவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கியது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில், மாநிலத்தின் வேறு 10 கல்லூரிகளோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. இரண்டும் இளம் கல்லூரிகள். நூற்றாண்டு கண்ட கல்லூரியில் ஒரு யூனிட்டின் (மருத்துவர் குழுவின்) வழக்கத்தை மாற்ற நினைத்தால் பல தலைமுறை சீஃப்களின் (யூனிட் தலைவர்களின்) பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இங்கே அந்தச் சுமை குறைவு. இன்று வார்டில் எதைப் பழக்கமாக்குகிறோமோ, அதுதான் நாளைக்கு வருகிறவர்களிடம் ‘இங்கே இப்படித்தான்’ என்று சொல்லப்படப் போகிறது. அதனால் இதைப் பேச இப்போதுதான் நல்ல நேரம்.

மெடிசின் யூனிட் சீஃப்கள், உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள் (பட்டமேற்படிப்பு மாணவர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள் (எம்.பி.பி.எஸ். கடைசிப் பயிற்சியில் இருப்பவர்கள்) எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஓசூர், அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மருத்துவமனைகளில் இரவு தனியாக டூட்டி பார்க்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நோயாளியின் பாதுகாப்பு, மருத்துவரின் நலம், பயிற்சியின் தரம் ஆகியவற்றை மூன்று கமிட்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். வார்டில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே முடிச்சு என்பது தெரியும். சாயங்காலம் டூட்டி மாறும்போது அடுத்தவரிடம் அவசரத்தில் அரைகுறையாக ஒப்படைத்த கேஸ்தான் இரவில் ஐந்து ஃபோனாக வருகிறது. அந்த ஃபோன்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. தூங்காத பி.ஜி. மறுநாள் ரவுண்ட்ஸில் நிற்கிறார், ஒன்றும் மண்டையில் ஏறுவதில்லை. அன்று மாலை அவரே இன்னும் மோசமாக ஒப்படைக்கிறார். எனவே யாருடைய மன உறுதியையும் சோதிப்பதற்கு முன்னால், வேலை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைத் திருத்த வேண்டும். கீழே உள்ள வரிசை முக்கியம். ஏன் என்பது மூன்றாவது படியில் புரியும்.

படி 1: ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு நீளமான நோட்டு போதும், ஆப் எதுவும் வேண்டாம்.

முதலில் எழுத வேண்டியது, எந்த மணிக்கு என்ன கேஸ் வருகிறது என்பது. நம் மாவட்டங்களின் மெடிசின் வார்டுக்குத் தனி முகம் உண்டு. பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கைகால் நடுங்கிக் குழம்புகிறவர், விடாத காய்ச்சல், சர்க்கரை ஏறி மூச்சிரைக்க வருகிறவர். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கிறது. அவர் வண்டி பிடித்து வந்து சேரும்போது விடியற்காலை ஆகிவிடும். அந்த நேரத்தில் வார்டில் இருப்பது யார், மூத்தவர் எத்தனை நிமிடத்தில் வர முடியும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மருத்துவரின் நேரம் மருத்துவம் அல்லாத எதில் போகிறது என்பது. ரத்த மாதிரியை லேபுக்குத் தூக்கிப் போவது, ரிசல்ட்டுக்காக நிற்பது, எக்ஸ்ரே தேடுவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் படிவம் நிரப்புவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. மூன்றாவது, இரவு ஃபோன்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரில் ‘பகலிலேயே எழுதி வைத்திருந்தால் இது வந்திருக்காது’ என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

வாரக் கடைசியில் இரண்டாவது பட்டியலை மணி நேரமாகக் கூட்டி ஆர்.எம்.ஓ.விடமும் (நிலைய மருத்துவ அலுவலர்) டீனிடமும் கொண்டு போங்கள். ‘ஆள் பற்றவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். ‘எங்கள் யூனிட்டில் வாரத்துக்கு இத்தனை மணி நேர டாக்டர் வேலை ரத்த டியூப் தூக்குவதில் போகிறது, இரவு ஷிஃப்டுக்கு ஒரு மருத்துவமனைப் பணியாளர் கொடுங்கள்’ என்று எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

படி 2: ஒப்படைப்பைச் சரிசெய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காசு வேண்டாம், அரசாணை வேண்டாம், சீஃப் ஒருவர் நினைத்தால் போதும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவப் பயிற்சியில் ஒப்படைப்பை ஒரு வடிவத்துக்குள் கொண்டு வந்து, 10,740 அட்மிஷன்களில் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். ஐ-பாஸ் என்ற அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒரு நோயாளிக்குச் செலவான ஒப்படைப்பு நேரமோ கூடவில்லை, முன்பும் பின்பும் சுமார் இரண்டரை நிமிடம்தான்.

அந்த வடிவத்தில் ஐந்து பகுதிகள். ஆள் எவ்வளவு மோசமாக இருக்கிறார், கதைச் சுருக்கம், பாக்கி வேலைகள், எது தப்பாகப் போகலாம் - போனால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது. முதல் பகுதிக்கு நமக்குப் புது வார்த்தை தேவையில்லை. தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் புழங்கும் சிவப்பு, மஞ்சள், பச்சையே போதும். வார்டில் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை கேஸில் காட்டுகிறேன். இரவு 8 மணி, ஜூனியர் பி.ஜி. சீனியரிடம் ஒப்படைக்கிறார்:

“அக்கா, ஏழாவது பெட், சிவப்பு. 34 வயசு, பென்னாகரம் பக்கம், விவசாயி. தரையில படுத்திருந்தவர் விடியக்காலை 3 மணிக்கு வயித்துவலியோட எழுந்திருக்கார், கடிச்ச தடம் தெளிவா இல்லை. 5 மணிக்கு இமை இறங்கிடுச்சு. கட்டுவிரியன்னு வச்சு ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) 10 குப்பி முடிஞ்சது. 20 நிமிஷ ரத்தம் உறையற டெஸ்ட் நார்மல். இப்ப கழுத்தைத் தூக்கறார், ஒரே மூச்சில 22 வரைக்கும் எண்றார். ராத்திரி மணிக்கொரு தடவை இமை, கழுத்து, மூச்சு எண்ணிக்கை பாக்கணும், சார்ட் மாட்டியிருக்கேன். 15-க்குக் கீழ வந்தாலோ, எச்சில் முழுங்க முடியாம தேங்கினாலோ சாச்சுரேஷன் இறங்கட்டும்னு காத்திருக்க வேணாம், அனஸ்தீசியாவைக் கூப்பிட்டு மூச்சுக்குழாயில டியூப் போட்டுடலாம். ஐ.எம்.சி.யூ.ல வென்டிலேட்டர் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். சீஃபுக்குத் தெரியும்.”

“சரி. கட்டுவிரியன் சந்தேகம், ஏ.எஸ்.வி. முடிஞ்சது. மணிக்கொரு தடவை மூணும் பாக்கறேன். 15-க்குக் கீழ, இல்லைன்னா எச்சில் தேங்கினா உடனே டியூப். வீட்டுக்காரங்ககிட்ட வென்டிலேட்டர் பத்திச் சொல்லியாச்சா?”

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் விட்டுப்போனது கண்ணில் படும். நான்காவது பகுதிதான் உயிர் காப்பது. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைப்பதால், தளர்ச்சி வந்த பிறகு ஏ.எஸ்.வி.யோ, தசைத் தளர்ச்சிக்குத் தரும் நியோஸ்டிக்மினோ சட்டென்று மீட்டுத் தராது. சரியான நேரத்தில் மூச்சுக்குத் துணை கொடுத்தால் சில நாட்களில் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். அந்தச் சரியான நேரத்தை இரவு டூட்டிக்காரர் யூகிக்கக் கூடாது, அது முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். பூச்சிமருந்து கேஸிலும் இப்படித்தான். குடித்து 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும். ‘அட்ரோபின் (மாற்று மருந்து) ஓடுது, ஸ்டேபிள்’ என்று மட்டும் ஒப்படைத்தால் இந்த ஆபத்து யார் கண்ணுக்கும் தெரியாமல் இரவைக் கடக்கும்.

நடைமுறைக்குச் சில விதிகள். காலை 8, இரவு 8 என்று நேரத்தை நிரந்தரமாக்குங்கள், அட்மிஷன் நாளிலும் (யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) மாற்றாதீர்கள். ஷிஃப்ட் ஸ்டாஃப் நர்ஸ் கூடவே நிற்க வேண்டும், இரவு முழுக்க நோயாளி அருகில் இருப்பவர் அவர்தான். சிவப்பு நோயாளிகளைப் படுக்கை அருகில் ஒப்படையுங்கள், மற்றவர்களை டூட்டி ரூமில் பார்த்துக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரம் உயிர்போகிற அழைப்பைத் தவிர ஃபோன் எடுப்பதில்லை என்று வார்டு முழுக்கச் சொல்லி வையுங்கள். யூனிட் வாட்ஸ்ஆப் குழுவில் தட்டிவிட்டுப் போவதை ஒப்படைப்பாக ஏற்கவே கூடாது. அதில் திருப்பிச் சொல்ல ஆள் இல்லை, நோயாளியின் பெயரும் ரிப்போர்ட்டும் யார் யார் ஃபோனிலோ தங்கிவிடும்.

முதல் இரண்டு வாரம் உதவிப் பேராசிரியர் ஒருவர் கூட நின்று கேட்க வேண்டும். அவர் இல்லாத நாளில் வடிவம் நழுவிப் பழைய ‘ஒண்ணும் இல்லை, எல்லாம் ஓகே’வுக்குத் திரும்பிவிடும். திரும்பினால் திட்ட வேண்டாம், மறுநாள் மீண்டும் நின்றால் போதும்.

படி 3: டூட்டி பட்டியலைத் திருப்பிப் போடுங்கள்

ஒப்படைப்பு நன்றாக ஓடத் தொடங்கிய பிறகுதான் இதைத் தொட வேண்டும். ஷிஃப்டைச் சிறிதாக்கினால் ஒப்படைப்பு எண்ணிக்கை கூடும். அமெரிக்காவில் 2003-இல் ரெசிடென்டுகளுக்கு (பயிற்சி மருத்துவர்களுக்கு) வாரம் 80 மணி நேர வரம்பு வந்தபோது, ஆள் கைமாறும் இடங்கள் பெருகி அங்கேதான் தகவல் சிந்துகிறது என்ற கவலை எழுந்தது.

நம் நாட்டில் எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பலர் படித்ததே இல்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 1992-ஆம் ஆண்டு ரெசிடென்சி உத்தரவு, சாதாரணமாகத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் டூட்டி போகக் கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பட்டமேற்படிப்பு விதிமுறைகள் எண் எதுவும் சொல்லாமல் ‘நியாயமான’ வேலை நேரம், நியாயமான ஓய்வு என்கின்றன. ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, வேலையின் அவசரத்தைப் பொறுத்து வாரம் ஒரு நாள் ஓய்வு என்று தெளிவாக எழுதியிருக்கின்றன. அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024 அறிக்கையில் வாரம் 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும், தினம் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 48-ஐ இன்றைய ஆள்பலத்தில் எட்டுவது கடினம். 74-ஐ எட்ட முடியாது என்று எந்த யூனிட்டும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

தூக்கத்தைப் பற்றி மூத்தவர்கள் ‘நாங்களும் 36 மணி நேரம் பார்த்தோமே’ என்பார்கள். பார்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1997-இல் ஓர் ஆய்வு, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்குச் சமமாகவும், 24 மணி நேரத்தில் சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமமாகவும் தளர்வதைக் காட்டியது. குடித்துவிட்டு வந்த ஒருவரை சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போட நாம் விடமாட்டோம்.

பட்டியல் போடும் முறை இது. முதலில் ஆள் கணக்கு: விடுப்பு, வெளி போஸ்டிங், தேர்வு எல்லாம் கழித்து உண்மையில் கையில் இருப்பவர் எத்தனை பேர்? பிறகு நைட்டைத் தனியாகப் பிரியுங்கள். பகல் முழுக்கப் பார்த்தவரே இரவும் பார்ப்பதற்குப் பதில், ஒருவர் தொடர்ந்து ஐந்து இரவுகள் மட்டும் பார்த்து, பகலில் முழு ஓய்வில் இருக்கட்டும். ஆள் அவ்வளவு இல்லை, 24 மணி நேர டூட்டி தவிர்க்க முடியாது என்றால் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். விடிகாலை 2 மணிக்கு மேல் குறைந்தது இரண்டு மணி நேரம் மற்றொருவர் ஃபோனை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை ஒப்படைத்ததும் ரவுண்ட்ஸுக்கோ ஓ.பி.க்கோ நிற்காமல் அவர் போய்விட வேண்டும். ‘ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுப் போப்பா’ என்ற ஒரு வாக்கியம் 24-ஐ 32 ஆக்கிவிடுகிறது.

இன்னொன்று. சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் பைக்கில் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிறவர்களைக் கையால் தொட்டுப் பார்க்கிற நாம், இரவு முழுக்க விழித்த ஒருவரை அதே நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட அனுப்பக் கூடாது. டூட்டி ரூமில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போகட்டும், அல்லது பஸ்ஸில் போகட்டும். யூனிட் விதியாகவே இதை எழுதி ஒட்டுங்கள்.

படி 4: டூட்டி ரூம்

உள்பக்கம் தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். பெண்களுக்குத் தனி அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, ஃபேன், குடிநீர், வார்டிலிருந்து அறைவரை எரியும் விளக்கு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கக் கூடாது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் சுருக்கமும், புறக்காவல் நிலைய எண்ணும் டூட்டி ரூம் கதவின் உள்பக்கம் இருக்கட்டும். இரவில் மரணச் செய்தி சொல்லும்போது ஒருவராகப் போகாதீர்கள். சிஸ்டரோடு, உட்கார வைத்து, சொந்தக்காரர்களில் பெரியவர் ஒருவரை முன்னால் அழைத்துச் சொல்லுங்கள். கைகலப்பாக முடிகிற பல சம்பவங்கள், வராண்டாவில் நின்றபடி அவசரமாகச் சொல்லப்பட்ட செய்தியில் தொடங்குபவைதான்.

படி 5: ரவுண்ட்ஸைப் பாடமாக மாற்றுங்கள்

வகுப்புக்கென்று தனி நேரம் ஒதுக்கிக் காத்திருந்தால் நம் வார்டில் அது கிடைக்காது. ஒவ்வொரு கேஸிலும் ஐந்து நிமிடம் எடுங்கள். 1992-இல் முன்வைக்கப்பட்ட ‘ஒரு நிமிட ஆசிரியர்’ முறை இதற்கு மிகப் பொருத்தம். மாணவரை ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள், ஏன் என்று கேளுங்கள், பொதுவான ஒரு பாடம் சொல்லுங்கள், சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்த வேண்டியதைத் திருத்துங்கள்.

பூச்சிமருந்து கேஸில் ஹவுஸ் சர்ஜனிடம், “அட்ரோபின் போதுமான அளவு போயிருக்கிறதா, உன் முடிவு என்ன?” என்று கேளுங்கள். “கண் பாப்பா விரிஞ்சிருக்கு, போதும் சார்” என்பார். “வேறு எதைப் பார்த்தாய்?” இங்கேதான் பாடம். நெஞ்சில் களகள சத்தம் நின்றதா, நாடித்துடிப்பு 80-க்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேலா, அக்குள் காய்ந்ததா? கண்ணை மட்டும் நம்பக் கூடாது. இவற்றை எல்லாம் அடையும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மருந்தை இரட்டிப்பாக்க வேண்டும். குழப்பமும் காய்ச்சலும் வந்து குடல் சத்தம் அடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். “இமைக்கும் கழுத்துக்கும் தனியாகக் குறிப்பு எழுதியிருக்கிறாய், நல்லது. நாளைக்கு அக்குளையும் எழுது.” இவ்வளவுதான். அவர் இதை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார்.

நோயாளியும் பத்து மாணவர்களும் பார்க்க ஒருவரைக் கூனிக்குறுக வைப்பதால் யாரும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஃபோன் செய்யாமல் இருப்பதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள், அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். சீஃப் தன் வாயால், எல்லோர் முன்னிலையிலும், “ராத்திரி எத்தனை மணியானாலும் இந்த ஆறு விஷயத்துக்கு என்னைக் கூப்பிடு” என்று சொல்லிப் பட்டியல் கொடுக்க வேண்டும். என் பட்டியல்: டியூப் போட வேண்டிய நிலை, ரத்த அழுத்தம் ஏறாத அதிர்ச்சி, புதிதாக வந்த பக்கவாதம், நினைவு குறைவது, எதிர்பாராத மரணம், குடும்பத்தோடு வாக்குவாதம். கூப்பிட்டவரை மறுநாள் ‘இதுக்கெல்லாமா’ என்று கேட்டுவிட்டால் பட்டியல் அன்றே செத்துவிடும்.

நம் மண்ணின் நோய்களையும் பாடத்திட்டமாக்குங்கள். இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் செயல்பாட்டுக்கும் வந்தது. அதற்கு முன் பல வருடம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இன்று நடுத்தர வயதில் முதுகு விறைத்து, கால் பின்ன நடந்து ஓ.பி.க்கு வருகிறார்கள். முதுகுத்தண்டு நரம்பு நசுங்கிய கேஸில் ‘எந்த ஊர், எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?’ என்ற கேள்வியும், முன்கை எக்ஸ்ரேயில் இரு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்ற தேடலும் இங்கே படித்த ஒவ்வொருவருக்கும் கைவந்திருக்க வேண்டும்.

செய்முறைகளுக்கு லாக்புக் கையெழுத்து மட்டும் போதாது. லம்பர் பங்சர், சென்ட்ரல் லைன், டியூப் போடுதல் ஒவ்வொன்றிலும் ‘பார்த்தேன், கூட நின்று செய்தேன், தனியாகச் செய்யலாம் என்று இன்னார் ஒப்புக்கொண்டார்’ என்று மூன்று நிலை எழுதுங்கள். மூன்றாம் நிலை வராதவர் இரவில் தனியாகச் செய்யக் கூடாது. இது நோயாளிக்கும் நல்லது, புதிதாக வந்தவரின் நெஞ்சுப் படபடப்புக்கும் நல்லது.

படி 6: வார்டுக்கு வெளியே அனுப்புங்கள்

பி.ஜி. படிப்பில் 3, 4, 5-ஆம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட ரெசிடென்சி (மாவட்ட மருத்துவமனைப் பணி) கட்டாயம். பெரிய ஊரிலிருந்து நம் மாவட்டத்துக்கு வருகிறவரை முதல் நாளே ஓ.பி.யில் உட்கார வைத்துவிட்டால் அவருக்கு இது மூன்று மாதக் கூடுதல் டூட்டி, வேறொன்றும் இல்லை. முதல் நாளை அறிமுகத்துக்கு ஒதுக்குங்கள்: ஏ.எஸ்.வி. எங்கே இருக்கிறது, ரத்த வங்கி எத்தனை மணிக்கு யார், எந்த கேஸ் சேலத்துக்கு, எது பெங்களூருக்கு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தின் தன்னார்வலரோடு பி.ஜி. ஒரு நாள் வீடு வீடாகப் போகட்டும். நாம் இன்சுலின் எழுதிக்கொடுத்து அனுப்பியவர் அதை எங்கே வைக்கிறார், ஃபிரிட்ஜ் இருக்கிறதா, ஊசி யார் போடுகிறார்கள் என்று பார்த்த பிறகு அவர் எழுதும் டிஸ்சார்ஜ் சம்மரியே மாறும். முடிந்தால் சித்தேரி மலைக்கோ அஞ்செட்டிப் பக்கமோ ஒரு முகாம். சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனையையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கிய இடம் அது. நல்ல பயிற்சி கொடுக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அத்தாட்சி இருக்கிறது.

படி 7: டிஸ்சார்ஜும் ரெஃபரலும்

மலையூர்க்காரரை மதியத்துக்குள் அனுப்புங்கள், பஸ் தவறினால் அவர் இரவு பஸ் ஸ்டாண்டில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மாத்திரை அட்டையில் சூரியனும் நிலாவும் வரையுங்கள். ஓசூர், வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழி. எந்த சிஸ்டருக்கு, எந்த ஹவுஸ் சர்ஜனுக்கு எந்த மொழி வரும் என்று ஒரு தாள் எழுதி வார்டில் ஒட்டி வைத்தால் வேலை பாதியாகும். சொன்னதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், ஒப்படைப்பில் செய்வது போலவே.

ரெஃபர் செய்வதற்கு முன் சேரும் இடத்து டூட்டி மருத்துவரிடம் பேசி, அவர் பெயரையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தாலுகா மருத்துவமனைக்காரர் அனுப்பிய கேஸ் என்ன ஆனது என்று பெரிய மருத்துவமனை வாரம் ஒருமுறை ஃபோனில் சொன்னால், அதைவிட நல்ல தொடர்கல்வி அவருக்கு இல்லை.

படி 8: தளர்ந்து போனவரைக் கவனியுங்கள்

வேலையால் வரும் எரிந்துபோன நிலையை (பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணியிடம் சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. மூன்று முகங்கள்: வற்றிப்போன சோர்வு, நோயாளிகளிடம் மரத்துப்போவது, நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். நோயாளியை ‘அந்த 12-ஆம் பெட் பாய்சன்’ என்று எரிச்சலோடு சொல்லத் தொடங்கும் பி.ஜி. ஆறு மாதம் முன்பு அப்படிப் பேசியவரா என்று யோசியுங்கள். கெட்டவராகவில்லை, காலியாகிவிட்டார்.

மாதம் ஒருமுறை யூனிட்டில் ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம், வார்டுக்கு வெளியே, டீக்கடையானாலும் சரி. தூக்கம், சாப்பாடு, வீடு, தீசிஸ், பணம், இந்த ஐந்தையும் கேளுங்கள். ஆலோசனை சொல்ல அவசரப்பட வேண்டாம். இளம் வயது மரணம் நடந்த இரவுக்குப் பிறகு, பார்த்துக்கொண்டவரை அடுத்த கேஸுக்கு ஓடவிடாமல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். சிஸ்டர்களையும் சேர்த்து.

ஒருவர் திடீரென்று ஒதுங்குகிறார், தாமதமாக வருகிறார், குடிக்கத் தொடங்குகிறார், பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறார், ‘நான் இல்லாம இருந்தா நல்லது’ என்கிறார் என்றால் நேராகக் கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்தும் ஊசியும் எட்டாத இடத்தில் வைத்திருங்கள், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சொந்தக் கல்லூரியிலேயே பார்க்கக் கூச்சப்படுவார்கள், நியாயம்தான். சேலத்துக்கோ, பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ போக விடுப்பு கொடுங்கள், காரணம் எழுத வற்புறுத்தாதீர்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவருக்கும் அது உண்டு. இதைப் படிக்கிற நீங்களே அந்த நிலையில் இருந்தால் இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு இப்போதே அழையுங்கள்.

யோகா முகாமும் ஊக்கப் பேச்சும் நடத்துவதில் தப்பில்லை. ஆனால் 30 மணி நேர டூட்டிக்குப் பிறகு அதற்கு வருகைப்பதிவு எடுத்தால் அது இன்னொரு டூட்டி.

படி 9: மரண ஆய்வுக் கூட்டமும், மாறுதலும்

பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் வழக்கத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. மெடிசின் வார்டில் மாதம் இரண்டு மரணங்களை எடுத்தால் போதும். யார் என்று கேட்காமல், எந்த இடத்தில் எது கிடைக்கவில்லை, எது சொல்லப்படவில்லை என்று கேளுங்கள். கூட்டத்தின் முடிவு ஒரே ஒரு மாற்றம், ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி.

எல்லாப் படியையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். ஒரு யூனிட், ஒரு மாற்றம், ஆறு வாரம். முதல் வாரத்தில் எழுதிய நோட்டை மறுபடி எழுதி, இரவு ஃபோன்களும் டூட்டி மணி நேரமும் குறைந்தனவா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாமல் அதிலேயே நில்லுங்கள்.

அரசுப் பணியில் சீஃபுக்குக் கலந்தாய்வில் மாறுதல் வரும், பி.ஜி. மூன்று வருடத்தில் போய்விடுவார். அதனால் ஒப்படைப்பு வடிவம், இரவில் கூப்பிட வேண்டிய பட்டியல், டூட்டி விதிகள், மூன்று நிலை லாக்புக் எல்லாவற்றையும் நான்கு பக்கத்துக்குள் தட்டச்சு செய்து, துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு பிரதி வார்டு நர்ஸிங் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாள் அறிமுகத்தை அவரும் ஒரு சீனியர் பி.ஜி.யும் சேர்ந்து நடத்தட்டும்.